ஒன்பது ஜன்னல்

வலி முதலில் இடுப்பில்தான் பிடிக்கும். அப்புறம் மெல்ல இறங்கி முழங்காலில் போய் உட்கார்ந்துகொள்ளும், காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரன் மாதிரி. டேப்புக்காரனுக்கு இப்போது இரண்டு இடத்திலும் வலி. முன்பெல்லாம் ஒரு வீட்டை அளக்க இரண்டு பேர் போவார்கள். ஒருவர் டேப்பின் நுனியைச் சுவரோடு அழுத்திப் பிடிப்பார், இன்னொருவர் இழுத்துக்கொண்டு போய்ப் படிப்பார். சிக்கனம் என்று சொல்லி நுனி பிடிப்பவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது டேப்புக்காரனே நுனியை ஒரு செங்கல்லுக்கு அடியில் கொடுத்து, தானே இழுத்து, தானே குனிந்து படித்து, செங்கல் நழுவியிருந்தால் தன்னைத்தானே திட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவன் வேலை பார்த்தது நகர மதிப்பீட்டு அலுவலகத்தில். ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் என்ன மதிப்பு என்று சொல்வதுதான் அந்த அலுவலகத்தின் தொழில். அளந்ததை எழுதிக்கொள்ளக் கையில் ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். நீளம், அகலம், அறை, குழாய், கூரை, ஜன்னல் என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்ததற்குப் போகவிடாது, சொந்தக்காரன் வாசலில் நின்று வழிமறிப்பதுபோல் நிற்கும்.

நீள அகலத்தை வெளிச்சுவரிலேயே பிடித்துவிடலாம். அறைக்கணக்கு பழைய பதிவில் இருக்கும். ஜன்னல்தான் தொல்லை. வீட்டைச் சுற்றி வந்து எண்ண வேண்டும். மேட்டுத் தெரு பங்களாக்களைச் சுற்றி வருவதென்றால் கேட்டைத் திறக்க வேண்டும். கேட்டைத் திறந்தால் நாய் வரும்.

ஒரு கறுப்பு நாய் அவன் கெண்டைக்காலில் ஒரு வாய் வாங்கியிருந்தது. காலில் கட்டோடு அலுவலகத்துக்கு வந்தபோது, அப்போது வேலையில் இருந்த நுனி பிடிப்பவர்தான் வழி சொல்லிக் கொடுத்தார்.

"ஏன்யா உயிரை விடுற? உள்ள போக முடியலைன்னா ஜன்னல் கட்டத்துல ஒன்பது போட்டுட்டு வா. ஒன்பதுன்னா பார்க்கலைன்னு அர்த்தம். ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும்."

ஆபீஸில் யாருக்குத் தெரியும் என்று அவர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. தெரிந்தவர் யாராவது இருந்திருந்தால் அவரும் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றுப் போயிருப்பார். டேப்புக்காரன் நாயுள்ள வீடு ஒவ்வொன்றுக்கும் ஒன்பது போட்டான். வாரக்கடைசியில் வந்து சரியாக எண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தான். வாரக்கடைசி வந்தது. முழங்கால் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அலுவலகத்துக்கு மென்பொருள் வந்தது. அதற்கு 'மதிப்புமானி' என்று பேர் வைத்தார்கள். அது ஒரு சாதாரணக் கணினிக்குள்தான் இருந்தது, ஆனால் அந்தக் கணினிக்குத் தனி அறை, தனி மேசை, மேசைக்கு வெல்வெட் விரிப்பு, விரிப்பின் மேல் யாரும் கை வைக்கக்கூடாது என்று ஒரு அறிவிப்பு. கோப்புகளில் அதைக் குறிப்பிடும்போது 'அது' என்று எழுதக்கூடாது, 'மதிப்புமானி அவர்கள்' என்று எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அதே வாரம் டேப்புக்காரன் ஒரு நாற்காலி கேட்டு எழுதிய விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி 'மேற்படி நபர்' என்று எழுதியிருந்தான். அது சரிதான் என்று ஏற்றுக்கொண்டார்கள். நாற்காலி வரவில்லை.

தொடக்க விழாவில் இயக்குநர் பேசினார். எந்தக் கூட்டத்திலும் தண்ணீர் டம்ளரை மைக் மாதிரி பிடித்துக்கொள்வது அவர் வழக்கம்.

"நண்பர்களே, இதுவரைக்கும் வீட்டை மனுஷங்க மதிச்சாங்க. மனுஷன் என்ன பண்ணுவான்? வீட்டுக்குள்ள போவான். அங்க இருக்கிறவங்க முகத்தைப் பார்ப்பான். ஒரு வாய் தண்ணி குடிப்பான். மனசு இளகிடும். மதிப்பு கெட்டுடும். நம்ம மதிப்புமானி யார் வீட்டுக்கும் போகாது. யார் முகத்தையும் பார்க்காது. அது இந்த அறையை விட்டு வெளியே வந்ததே கிடையாது. இதைவிட நேர்மை வேற என்ன வேணும்?"

கைதட்டினார்கள். அடுத்து ஆலோசகர் வந்தார். சின்ன வயது, பெரிய படிப்பு. திரையில் ஒரு வெள்ளைப் பரப்பில் புள்ளிகளைத் தூவினார். நடுவில் சாய்வாக ஒரு கோடு போட்டார்.

"இதுக்குப் பேர் ரிக்ரஷன். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வீடு. நடுவுல போற கோடுதான் உண்மை."

டேப்புக்காரன் தெரியாத்தனமாகக் கை தூக்கிவிட்டான். "சார், அந்தக் கோட்டு மேல ஒரு வீடு கூட இல்லீங்களே?"

"அதுதான் கோட்டோட பெருமை. எந்த வீட்டுக்கும் சார்பா இல்ல பாருங்க."

"அப்ப கோட்டை விட்டுத் தள்ளி நிக்கிற வீடுங்க?"

"அது கோட்டோட தப்பு இல்லீங்க. வீட்டோட தப்பு. அதைப் பிழைன்னு சொல்லுவோம்."

டேப்புக்காரன் உட்கார்ந்தான். தன்னுடைய வீடு அந்தக் கூட்டத்தில் எங்கே நிற்கிறது என்று தேடினான். எல்லாப் புள்ளிகளும் ஒரே மாதிரி இருந்தன.

ஆலோசகர் கண்டுபிடிப்புகளைச் சொல்ல ஆரம்பித்தார். முதல் கண்டுபிடிப்பு, கூரைக்கு மதிப்பு கிடையாது. கூட்டம் விழித்தது.

"எல்லா வீட்டுலயும் கூரை இருக்கு. எல்லாத்துலயும் இருக்கிறது எதையும் விளக்காது. கூரை இருந்தாலும் இல்லாட்டியும் மதிப்புமானிக்கு ஒண்ணுதான்."

இயக்குநர் உடனே குறித்துக்கொண்டார். மறுநாளே கைக்கருவியிலிருந்து கூரைக் கட்டம் நீக்கப்பட்டது. நேரம் மிச்சம் என்று அறிக்கை வந்தது.

"ரெண்டாவது கண்டுபிடிப்புதான் உலகமே திரும்பிப் பார்க்கப் போற விஷயம்" என்றார் ஆலோசகர். "ஒரு வீட்டோட மதிப்பைத் தீர்மானிக்கிறது நிலமா? இல்ல. அறையா? இல்ல. ஜன்னல்! ஒரு ஜன்னல் கூடினா, ஒரு படுக்கையறை கூடின மாதிரி மதிப்பு ஏறுது. இருக்கிறதிலேயே மதிப்பான வீடுங்க எல்லாத்துலயும் ஒரே ஒற்றுமை. எல்லாத்துக்கும் சரியா ஒன்பது ஜன்னல்!"

திரையில் அந்த வீடுகளின் பட்டியல் ஓடியது. முதலில் வந்தது கறுப்பு நாய் வீடு. அடுத்து இரட்டை நாய் வீடு. அடுத்து, பார்க்கச் சாது மாதிரி இருந்து பின்னால் வந்து கவ்வும் நாய் வீடு. டேப்புக்காரனுக்குக் கெண்டைக்கால் தழும்பு அரிக்க ஆரம்பித்தது. சுற்றும் முற்றும் பார்த்தான். எல்லோரும் வாயைப் பிளந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து சொல்லிவிடலாமா என்று நினைத்தான். வாய் திறந்தது. அதற்குள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இவனும் எழுந்து தட்டினான். தன் கைதட்டல் மட்டும் தனியாகக் கேட்பது போல இருந்தது.

இது ஒரு வெறும் வேடிக்கையாகப் போயிருக்கும், கீழ்த்தெரு விவகாரம் வராமல் இருந்திருந்தால்.

தண்டவாளத்தை ஒட்டிய கீழ்த்தெருவை இடித்துவிட்டு அகலச் சாலை போடப் போவதாக நகரசபை அறிவித்தது. அங்கே இருப்பவர்களுக்கு மாற்று வீடு தருவார்கள். ஊருக்கு வெளியே அடுக்குமாடி. லிஃப்ட் கிடையாது. யாருக்கு எந்த மாடி என்பதை மதிப்புமானி சொல்லும். வீட்டுக்கு மதிப்பு அதிகமென்றால் தரைத்தளம். மதிப்பு குறையக் குறைய மாடி ஏறும். கடைசியில் இருப்பவர்களுக்கு ஏழாவது மாடி.

கீழ்த்தெருவில்தான் டேப்புக்காரனின் அக்கா இருந்தாள். வாசலில் மேசை போட்டு இஸ்திரி போடும் தொழில். வேலைக்குப் போகிறவர்கள் போகிற போக்கில் துணி மூட்டையை வைத்துவிட்டுப் போவார்கள், வருகிற போக்கில் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் போக்கிலும் வரவிலும்தான் அவள் வயிறு இருந்தது. ஏழாவது மாடிக்குத் துணி மூட்டையோடு யார் ஏறுவார்கள்? அவளே ஏற மாட்டாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு கட்டட வேலைக்குப் போய் மணல் சுமந்து தம்பியைப் படிக்க வைத்தவள். அந்த மணல் அவள் இடுப்பிலேயே தங்கிவிட்டது. அக்காவும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்து எழுந்தால் அறையில் நாலைந்து கதவு திறக்கிற சத்தம் கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் போயிருந்தபோது, சட்டைக் காலரை மடித்து வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டா, உங்க மெஷின் ஜன்னலைக் கண்டா மயங்கிடுதாமே?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"நம்ம வீட்டுக்கு ரெண்டு ஜன்னல். இப்ப என்ன மாடி வரும்?"

அவன் தரையைப் பார்த்தான். "ஏழு."

இஸ்திரிப் பெட்டியை மேசை மேல் நிமிர்த்தி வைத்தாள். "இன்னும் ஏழு வெச்சா?"

"அக்கா, அது வந்து… அந்தக் கணக்கு எப்படி வந்துச்சுன்னா…"

"கணக்கு எப்படி வந்துச்சுன்னு நான் கேட்டேனா? மென்னு முழுங்காத. வெச்சா மதிப்பு ஏறுமா, ஏறாதா?"

"ஏறும்."

அவ்வளவுதான் சொன்னான். ஒரே வார்த்தை. அது பொய்யும் இல்லை. மதிப்புமானியில் ஒன்பது போட்டால் மதிப்பு ஏறத்தான் செய்யும். ஆனால் வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது யாரோ பிடரியில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வருவது போல இருந்தது. அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்கா முகம் எப்படி ஆகும் என்று நினைத்தான். அதை நினைத்துத்தான் சொல்லவில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். வேலை போய்விடும் என்ற பயம் அதற்குப் பின்னால் மறைந்து நின்றது, அவன் சின்ன வயதில் அக்காவுக்குப் பின்னால் நின்ற மாதிரி.

கொத்தனார் வந்தார். பின்பக்கச் சுவரைத் தட்டிப் பார்த்தார். கூலியாக அவர் வீட்டுத் துணி முழுவதையும் ஒரு வருஷத்துக்கு இஸ்திரி போட்டுத் தருவதாகப் பேச்சு.

"அம்மா, இந்தச் சுவர்தான் உத்திரத்தைத் தாங்குது. ரெண்டு ஓட்டைன்னா போடலாம். ஏழு போட்டா அதுக்குப் பேர் சுவர் இல்ல, சல்லடை."

"நீ போடுய்யா. இடிஞ்சாலும் கூரைக்கு மதிப்பு இல்லைன்னு என் தம்பி ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க."

"அப்ப உங்க தம்பியை விட்டே தாங்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவர் உளியை எடுத்தார். டேப்புக்காரன் பக்கத்தில்தான் நின்றான். சிரித்து வைத்தான்.

ஊரே உளிச் சத்தமாக இருந்தது. சுவர் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னல் வைத்தார்கள். கழிப்பறையில் ஐந்து ஜன்னல் வைத்தவர் உண்டு. அப்புறம் அவர் வீட்டில் யாரும் உள்ளே போகவில்லை. ஒற்றை அறையில் குடியிருந்த இரவுக் காவலாளி ஒன்பதையும் அந்த ஒரு அறையிலேயே திறந்து, பகலில் தூங்க முடியாமல் தலையில் கோணியைக் கவிழ்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு தையல்காரர் பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச்சுவரில் ஜன்னல் திறந்தார். பக்கத்து வீட்டுக்காரர் அதே ஜன்னலைத் தன் கணக்கிலும் காட்டினார். விவகாரம் அலுவலகத்துக்கு வந்தது. ஆளுக்குப் பாதி ஜன்னல் என்று இயக்குநர் தீர்ப்புச் சொன்னார். கைக்கருவி பாதியை ஏற்கவில்லை. ஆகவே இருவரும் ஒருநாள் விட்டு ஒருநாள் அந்த ஜன்னலை வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவானது.

எது ஜன்னல் என்று கேள்வி வந்தது. அதற்கும் சுற்றறிக்கை வந்தது: 'வெளிச்சம் அல்லது காற்று வரும் திறப்பு, அல்லது அவை வர வேண்டும் என்ற நோக்கத்துடன் செய்யப்பட்ட திறப்பு.' நோக்கத்தை எப்படி அளப்பது என்று டேப்புக்காரன் கேட்டான். டேப்பால்தான் என்று பதில் வந்தது.

தெருத் தெருவாக அவன் ஜன்னல் எண்ணினான். ஒவ்வொரு வீட்டிலும் குழந்தைகளோடு வாசலில் நின்று, "சரியா எண்ணுங்கய்யா, அந்த மூலையில இருக்கிறதையும் சேர்த்துக்குங்க" என்று கெஞ்சினார்கள். எல்லாம் புதுச் சிமெண்டு. சிலருடைய ஜன்னலுக்குக் கதவு வாங்க வழியில்லை, சாக்குப்பை தொங்கியது. ஒன்பது, ஒன்பது, ஒன்பது என்று அழுத்தினான். பார்க்காமல் போட்ட ஒன்பதை இப்போது கண்ணால் பார்த்துப் போட வேண்டியிருந்தது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் மேட்டுத் தெருவுக்குப் போனான். கறுப்பு நாய் வீட்டு கேட்டின் முன்னால் நின்று, கையில் செங்கல்லைப் பிடித்துக்கொண்டு தட்டினான். காவல்காரர் திறந்தார். நாய் வந்தது. கிழடாகி, பல் போய், நடையே தள்ளாட்டமாக இருந்தது. அவன் காலை மோந்து பார்த்துவிட்டு, தான் முன்பு கடித்த இடத்தையே நக்கியது.

"இந்த வீட்டுக்கு எத்தனை ஜன்னல்?" என்று கேட்டான்.

"ரெண்டு இருக்கும். ஏசி போட்டப்ப மத்ததை எல்லாம் அடைச்சுட்டாங்க. பெரிய வீட்டுக்காரங்களுக்கு எதுக்குங்க ஜன்னல்? தெருத்தூசிதான் வரும்."

சுற்றி வந்து எண்ணினான். இரண்டுதான். கருவியில் இரண்டு என்று அழுத்தினான். கருவி சிவந்தது. 'இந்த எண் இவ்வீட்டின் மதிப்புக்குப் பொருந்தவில்லை. சரியான எண்ணை இடவும்.' மூன்று போட்டுப் பார்த்தான். சிவந்தது. ஐந்து. சிவந்தது. எட்டு. சிவந்தது. கடைசியில் ஒன்பது போட்டான். 'நன்றி' என்றது.

மறுநாள் காலை இயக்குநர் அறைக்கு நேராகப் போனான். ஆலோசகரும் இருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினான். நாய், நுனி பிடிப்பவர், ஒன்பது, பார்க்காமல் போட்டது, திருத்தாமல் விட்டது. சொல்லி முடித்தபோது உடம்பு வேர்த்திருந்தாலும் நெஞ்சு கொஞ்சம் லேசானது. இனி திட்டுவார்கள், வேலையை விட்டு எடுப்பார்கள், கணக்கைத் திருத்துவார்கள், ஓட்டைகளை அடைத்துவிட்டால் அக்கா வீட்டுச் சுவர் பிழைக்கும்.

இயக்குநர் டம்ளரை எடுத்தார். "டேப்பு, நீ எத்தனை வீட்டுக்கு அப்படிப் போட்டே?"

"மேட்டுத் தெரு முழுக்கங்க."

"ஒரு ஆள் சொல்றதை நம்பறதா, இல்ல மேட்டுத் தெரு முழுக்கச் சொல்றதை நம்பறதா?"

"அந்த மேட்டுத் தெரு முழுக்கவும் நான் ஒருத்தன் சொன்னதுதானுங்க."

ஆலோசகர் பொறுமையாகச் சிரித்தார். "அண்ணே, அளக்கிறதுல தப்பு வரும். அது சகஜம். ஒருத்தர் கூட்டிப் போடுவார், ஒருத்தர் குறைச்சுப் போடுவார். எல்லாம் சேரும்போது ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும்."

"நான் எல்லாத்தையும் ஒன்பதுன்னுதான் போட்டேன். அது எதை அடிச்சுக்கும்?"

"அதனாலதான் அது தப்பு இல்லைன்னு சொல்றேன்! தப்புன்னா இப்படி ஒழுங்கா வராது." கணினியைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க, இந்த அலுவலகத்துலயே உங்க அளவுல மட்டும்தான் ஏற்ற இறக்கமே இல்ல. மத்தவங்க நாலு, ஆறு, மூணுன்னு குழப்பி வெச்சிருக்காங்க."

இயக்குநர் எழுந்து வந்து அவன் தோளைத் தொட்டார். கண்கூடக் கொஞ்சம் கலங்கியிருந்தது. "எவ்வளவு பெரிய வேலையைப் பண்ணிட்டு, பண்ணலைன்னு சொல்றான் பாருங்க. இப்படி அடக்கமான ஆளை நான் பார்த்ததில்ல. அப்புறம், உண்மையைச் சொல்லட்டுமா? நீ சொல்றது சரியாவே இருந்தாலும், இந்த மெஷினை வாங்கினது நான். திறந்து வெச்சது மேலிடம். நாய்க்கு ஒருத்தன் பயந்தான்னு மேலிடத்துக்கு எப்படி எழுதுறது?"

அந்த வாரமே 'சீரான அளவைக்கான விருது' என்று புதிதாக ஒன்றை ஏற்படுத்தி, அதை டேப்புக்காரனுக்கு அறிவித்தார்கள்.

அவன் வேண்டாம் என்றான். அதையும் அடக்கம் என்று குறித்துக்கொண்டார்கள். அக்காவிடம் மறைக்கப் பார்த்தான். துணி கொடுக்க வந்த அலுவலகக் குமாஸ்தா அவளிடம் சொல்லிவிட்டார். அவள் அவனுடைய ஒரே வெள்ளைச் சட்டையை வாங்கி, கஞ்சி போட்டு, கத்தி மாதிரி மடிப்பு வைத்துக் கொடுத்தாள். விழாவுக்கும் வந்தாள். தொழிலுக்கு விடுமுறை விட்டு அவள் எங்கேயும் போனதை அவன் பார்த்ததில்லை. பின்வரிசையில், இடுப்புக்கு ஒரு துணி மூட்டையை அண்டக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

மேடையில் அவன் கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள். அக்கா கைதட்டியது அவனுக்குத் தனியாகத் தெரிந்தது. இஸ்திரி பிடித்துக் காய்த்த கை. பலகையோடு பலகை மோதுகிற சத்தம் வரும். அவனுக்கு மேடையிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. முழங்கால் ஒத்துழைக்காது.

அப்புறம் இயக்குநர் பேசினார்.

"இந்த நல்ல நேரத்துல ஒரு பெரிய செய்தி. நம்ம மதிப்புமானி மூணு மாசத்துக்கு ஒரு தடவை புதுசாப் படிச்சுக்கும். இந்த மனுஷன் தெருத் தெருவா அலைஞ்சு எண்ணின புதுக் கணக்கை எல்லாம் கொடுத்தோம். ராத்திரி முழுக்கப் படிச்சது. காலையில என்ன சொல்லுச்சு தெரியுமா? இப்ப ஒன்பது ஜன்னல் வீடுங்கள்ல பெரும்பாலானது எங்க இருக்கு? தண்டவாளத்து ஓரத்துல. சந்துல. ஒற்றை அறையில. அதனால இப்ப நிலவரப்படி ஜன்னல்ங்கிறது வறுமையோட அடையாளம்! ஒரு ஜன்னல் கூடினா மதிப்பு இறங்குது!"

கூட்டம் ஒரு கணம் தயங்கிவிட்டு, முன்வரிசை தட்டியதைப் பார்த்துத் தட்டியது.

"சில பேர் நம்மளை ஏமாத்தலாம்னு சுவரை உடைச்சாங்க. மதிப்புமானியை ஏமாத்த முடியுமா? நேத்து ஜன்னல் ஒசத்தின்னு சொன்னது. இன்னைக்கு மட்டம்னு சொல்லுது. ரெண்டு தடவையும் அது சொன்னதுதான் சரி. நாம ரெண்டு தடவையும் அதை நம்பினோம். அதுதான் நம்ம அலுவலகத்தோட கொள்கை உறுதி!"

டேப்புக்காரன் பின்வரிசையைப் பார்த்தான். அக்காவின் கைகள் தட்டுவதற்கு எழுந்த இடத்திலேயே நின்றுவிட்டன.

விழா முடிந்து வெளியே வந்தபோது அவள் வாசலில் காத்திருந்தாள்.

"அவர் சொன்னது நம்ம தெருவுக்கும் சேர்த்தாடா?"

"சேர்த்துத்தான்க்கா."

"எத்தனாவது மாடி?"

"ஏழு."

"ரெண்டு ஜன்னல் இருந்தப்பவும் ஏழு. ஒன்பது இருந்தாலும் ஏழு." அவள் அதை ஒருமுறை யோசித்துப் பார்த்தாள். பிறகு அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "சட்டையைக் கொடுத்துட்டுப் போ. முதுகுல கசங்கிடுச்சு."

இரண்டு வாரம் கழித்து மழை பிடித்தது. விடாமல் பெய்தது. ஏழு ஓட்டையிலும் நீர் இறங்கி, பின்பக்கச் சுவர் ஊறி, ஒரு காலை நேரத்தில், அக்கா வாசல் பக்கம் துணி வாங்கிக்கொண்டிருக்கும்போது, பெரிய மூச்சு விட்டது போல உள்ளே சரிந்தது. உத்திரத்தின் ஒரு முனை தொங்கியது. ஆளுக்கு ஒன்றுமில்லை. இஸ்திரி போட்டு அடுக்கி வைத்திருந்த ஊரார் துணி அத்தனையும் செம்மண்ணில் புதைந்தது.

டேப்புக்காரன் அலுவலகத்திலிருந்து தார்ப்பாயோடு ஓடினான். அக்கா முழங்கால் சேற்றில் நின்று ஒவ்வொரு சட்டையாக உருவி எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். இன்னாருடையது என்று முணுமுணுத்துக்கொண்டே தனித்தனியாக வைத்தாள். இருவரும் சேர்ந்து தார்ப்பாயைக் கட்டினார்கள். ஒரு நுனியை அவள் பிடித்துக்கொண்டாள், அவன் மறு நுனியை இழுத்துக்கொண்டு போனான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவனுக்கு நுனி பிடிக்க ஓர் ஆள்.

தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். முகம் தெரியாத தைரியத்தில் சொன்னான்.

"அக்கா, அந்த ஒன்பது நான் போட்டது."

"எந்த ஒன்பது?"

சொன்னான். மழைச் சத்தத்துக்கு மேல் கொஞ்சம் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"நாய்க்குப் பயந்தா?" என்றாள்.

"ஆமா."

"நீ எப்பவும் அப்படித்தான்." அவள் குரலில் கோபம் இருக்குமா என்று தேடினான். களைப்புதான் இருந்தது. "நாய்க்குப் பயந்தது பரவால்லடா. எல்லாரும்தான் பயப்படுறோம். ஏறுமான்னு கேட்டனே, அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்ல? சுவராவது மிஞ்சியிருக்கும்."

அவன் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரைக் கூட்டி வந்து சுவரைத் தானே கூட நின்று எழுப்பிக் கொடுப்பது என்று முடிவு செய்தான். வெள்ளிக்கிழமை சுற்றறிக்கை வந்தது: 'மதிப்புமானி அவர்கள் அடுத்த முறை படித்து முடிக்கும் வரை, கீழ்த்தெருவில் எந்தத் திறப்பையும் யாரும் அடைக்கக்கூடாது. அடைப்பது தரவைக் கலைக்கும் குற்றமாகும்.' அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு, விருது பெற்றவர் என்ற முறையில், டேப்புக்காரனுக்கு வழங்கப்பட்டது.

இடிந்து விழுந்த சுவரை எழுப்புவதும் அடைப்பதில் சேருமா என்று இயக்குநரிடம் கேட்டான். இயக்குநர் ஆலோசகரைக் கேட்டார். ஆலோசகர் கணினியைக் கேட்டார். விழுந்த சுவர் ஒரே பெரிய ஜன்னலாகக் கொள்ளப்படும் என்று முடிவானது. ஏழு ஜன்னல் ஒன்றாகக் குறைந்ததால் அக்காவின் வீட்டு மதிப்பு சற்று ஏறியிருப்பதாகவும், அதனால் ஏழாவது மாடிக்குப் பதில் ஆறாவது மாடி கிடைக்கலாம் என்றும் ஆலோசகர் மகிழ்ச்சியோடு சொன்னார். அடுக்குமாடி இப்போதைக்கு இரண்டாவது தளம் வரைதான் எழும்பியிருந்தது. மீதிக்கு ஒப்பந்தக்காரர் இன்னும் கிடைக்கவில்லை.

கீழ்த்தெருவில் கடைசி அறிவிப்பை அக்கா கையில் கொடுத்தான். அவள் படிக்கவில்லை. நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அண்டக் கொடுத்தாள். மேசை நின்றது. கொத்தனார் வீட்டுத் துணி மூட்டையை அவிழ்த்து முதல் சட்டையை விரித்தாள். அவளுக்குப் பின்னால், அறைக்கு அந்தப் பக்கம், தார்ப்பாய் காற்றில் உப்பி அடங்கியது. அதன் இடுக்கு வழியாகத் தண்டவாளம் தெரிந்தது.

பதக்கத்தை அவள் ஆணியில் மாட்டியிருந்தாள். மாட்டுவதற்கு மூன்று சுவர்தான் இருந்தது.

டேப்புக்காரன் அந்த நாலாவது பக்கத்தை அளந்துகொண்டான். இந்த முறை கருவியில் ஏற்றவில்லை, மனசில் வைத்துக்கொண்டான். அவன் அக்காவுக்கு ஒரு சுவர் பாக்கி. இன்றுவரை கொடுக்கவில்லை.